26 சிஸ்டம், ஒரே லேசர் பிரிண்டர்: லேப் கியூ அடிக்கடி மாட்டுகிறது

ஏற்காடு_லேப் கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேப். 26 சிஸ்டமும் விண்டோஸ் 10 ப்ரோ, எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கட்டும் டொமைன் கிடையாது. முதல் சிஸ்டத்தில் யுஎஸ்பி வழியாக ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். அங்கிருந்துதான் மற்ற 25க்கும் ஷேர். பிரிண்டரில் லேன் போர்ட் இருக்கிறது, இதுவரை பயன்படுத்தவில்லை.

வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் பிரிண்ட் கொடுத்தால் நாலைந்து சிஸ்டத்தில் மட்டும் பிரிண்டருடன் இணைய முடியவில்லை என்று வருகிறது. ஒரு நாள் வந்த சிஸ்டத்தில் மறுநாள் வருவதில்லை. கேபிள், டிரைவர் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒரு ஃபைல் மாட்டினால் பின்னால் இருப்பது அத்தனையும் நிற்கிறது. டெலிட் கொடுத்தாலும் போவதில்லை. பனிமூட்டமான நாட்களில் பேப்பர் ஜாம் வேறு. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. வழி சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_அட்மின்:

சார், கேபிளிலும் டிரைவரிலும் குறையே இல்லை. விண்டோஸ் 10 ப்ரோ சர்வர் கிடையாது. ஒரே நேரத்தில் வெளியிலிருந்து 20 இணைப்புக்கு மேல் ஏற்காது. உங்களிடம் 25 சிஸ்டம் கேட்கின்றன. முந்தியவை உள்ளே, பிந்திய நாலைந்து வெளியே. அதனால்தான் தினம் ஒரு சிஸ்டம் மாறுகிறது. அதே முதல் சிஸ்டத்தில் ஷேர் ஃபோல்டரும் வைத்திருந்தால் அதைத் திறப்பவர்களும் இந்த 20 கணக்கில்தான் வருவார்கள்.

சரியான தீர்வு, மாணவர் உட்காராத, நாள் முழுக்க ஓடும் ஒரு மெஷினில் கியூவை, அதாவது பிரிண்டுகள் காத்திருக்கும் வரிசையை, வைப்பது. ஓரமாகக் கிடக்கும் பழைய சிஸ்டத்தில் லினக்ஸ் ஏற்றி, பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) என்ற சாஃப்ட்வேரைப் போட்டாலே போதும், சர்வர் லைசன்ஸ் வாங்க வேண்டாம். உங்கள் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் டிரைவரை நம்பியே ஓடும் மலிவு மாடல்கள் சில இதில் ஒத்துழைக்காது.

பிரிண்டரை லேனில் மாட்டி, ரவுட்டரில் அதற்கு ஒரு ஐபியை, அதாவது மாறாத நெட்வொர்க் முகவரியை, ரிசர்வ் செய்யுங்கள். கப்ஸின் வெப் பக்கம் 631ஆம் போர்ட்டில் திறக்கும். அதில் பிரிண்டரை அந்த ஐபி, 9100 போர்ட் கொடுத்துச் சேர்த்து, ஷேர் டிக் போடுங்கள். விண்டோஸ் சிஸ்டங்களில் கப்ஸ் மெஷினின் முகவரியைக் கொடுத்து, பக்கத்தை விவரிக்கும் பொது மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டின் பொதுவான டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றுவதைக் கப்ஸ் பார்த்துக்கொள்ளும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கப்ஸில் எரர் பாலிசி 'ஸ்டாப் பிரிண்டர்' என்று இருந்தால், ஒரே ஒரு ஃபைல் தோற்றாலும் கியூ மொத்தமும் நின்றுவிடும். டீஃபால்ட் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பாலிசிஸ் பகுதிக்குப் போய் 'அபார்ட் ஜாப்' என்று மாற்றுங்கள். கெட்ட ஃபைல் மட்டும் விழும், அடுத்த பிள்ளையின் பிரிண்ட் வரும். லேப்புக்கு இதுதான் நியாயம்.

சூரமங்கலம்_சர்வீஸ்:

மாட்டிய ஃபைலை இப்போதைக்கு எடுக்க: கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' கொடுங்கள். பிரிண்ட் ஃபைல்களை வரிசையில் சேர்த்துவைக்கும் விண்டோஸ் சர்வீஸ்தான் ஸ்பூலர். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கிருக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி ஃபைல்களை அழியுங்கள். பிரிண்டர்ஸ் ஃபோல்டரையே அழித்துவிட வேண்டாம். பிறகு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்'. கியூவில் காத்திருந்த மற்றவையும் இதில் போய்விடும். மாணவர்களிடம் மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏன் மாட்டுகிறது என்பதற்கு முதலில் பிரிண்டரின் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். பல லேப்களில் பேப்பர் சைஸ்தான் வினை. ஃபைல் லெட்டர் சைஸில் இருக்கும், டிரேயில் ஏ4 இருக்கும். லெட்டர் பேப்பர் வை என்று பிரிண்டர் காத்துக்கொண்டே நிற்கும். 26 சிஸ்டத்திலும் பிரிண்டிங் பிரிஃபரன்சஸ், வேர்டு இரண்டிலும் ஏ4 வையுங்கள். அடுத்து, பிரிண்டர் பிராப்பர்டீஸில் கடைசிப் பக்கமும் ஸ்பூல் ஆன பிறகே பிரிண்ட் தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பிடிஎஃப் கொடுத்த சிஸ்டம் பாதியில் தொங்கினாலும் பிரிண்டர் பிணையாக நிற்காது.

லேசரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறும் நொடியில் இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. நேராகச் சுவர் பிளக்தான்.

ஏற்காடு_லேப்:

நன்றி சார். 20 என்ற வரம்பு தெரியாமல்தான் இத்தனை நாள் டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். இன்னொரு கேள்வி: எல்லா சிஸ்டத்திலும் 'ஸ்டூடண்ட்' என்ற ஒரே லாகின். ஒருவர் பிரிண்டை இன்னொருவர் அழித்துவிடுகிறார். தடுக்க முடியுமா?

அஸ்தம்பட்டி_அட்மின்:

பெயர் ஒன்றாக இருக்கும்வரை முடியாது. தன் ஃபைலைத் தானே அழிக்கலாம் என்பதுதான் விதி. 26 பேரும் 'ஸ்டூடண்ட்' என்றால் எல்லா ஃபைலும் எல்லாருடையதுதானே. சிஸ்டத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்: லேப்01 முதல் லேப்26 வரை. கியூவைப் பார்த்ததும் எந்த மேசை என்று தெரியும். ஒருவர் இத்தனை பக்கம்தான் எடுக்கலாம் என்ற பக்க வரம்பு வைத்தாலும் அப்போதுதான் வேலை செய்யும். கப்ஸில் கால அளவு 604800 விநாடி, அதாவது 7 நாள், பக்கம் 20 என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் வரம்பு செல்லாது.

கொண்டலாம்பட்டி_பேப்பர்:

ஜாம் பற்றி. மலை ஈரத்தைப் பேப்பர் குடித்துவிடும். அது ஃபியூசர் சூட்டில் ஆவியாகிச் சுருளும், வெளியே வரும் இடத்தில் மடங்கும். 500 தாள் ரீமை முழுசாக டிரேயில் கொட்டாமல் அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் வையுங்கள். மாலையில் மிச்சத்தை ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். பிரிக்காத கட்டுகளையும் சிமெண்ட் தரையில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள். கீழே சேலத்தில் இத்தனை பாடு கிடையாது. ஏற்காட்டில் பனி இறங்கும் மாதங்களில் அவசியம். பேப்பர் ஒழுங்காக இருந்தும் தாள் ஏறாமல் வழுக்கினால் பிக்அப் ரோலரில் தூசி. பஞ்சு உதிராத துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

சூரமங்கலம்_சர்வீஸ்:

தேர்வுக்கு முன் கப்ஸ் போட நேரமில்லை என்றால்: பிரிண்டரை லேனில் மாட்டிவிட்டு ஒவ்வொரு சிஸ்டத்திலும் டிசிபி ஐபி போர்ட் வழியாக நேராகச் சேருங்கள். 20 வரம்பு அங்கே குறுக்கிடாது. எல்லாருடைய வரிசையையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது என்பதுதான் குறை. போர்ட் செட்டிங்கில் பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழியே கேட்கும் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில சிஸ்டத்தில் ஆஃப்லைன் என்று காட்டும்.