மறு: மறு: கோடை ஒன்றுகூடல், பார்மத் – ஆளுக்கு 35 பவுண்ஸ்

செயலாளர், கொவென்றி எழுதியது:

அன்பான ஊர் உறவுகளுக்கு,

இந்த வருடக் கோடை ஒன்றுகூடலை வேல்ஸ் கரையில் பார்மத் என்ற ஊரில் வைக்க நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. யூலை கடைசிச் சனிக்கிழமை. பெரியவர்களுக்கு 35 பவுண்ஸ், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 15. 49 பேர் இருக்கக்கூடிய கோச் பேசியாகிவிட்டது. காலை ஆறு மணிக்குக் கோயில் கார் பார்க்கில் இருந்து வெளிக்கிடும். லண்டன் ஆக்கள் வெள்ளி இரவே வந்து யார் வீட்டிலாவது தங்குங்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிதான். போனமுறை மாதிரி ஒரு வீட்டுப் புட்டு அவியும் வரைக்கும் கோச் நிற்காது.

நல்ல நீளமான மணல் கடற்கரை. பிள்ளைகளுக்குக் கழுதைச் சவாரி, துறைமுகத்தில் நூல் விட்டு நண்டு பிடிப்பது எல்லாம் உண்டு. சாப்பாடு வழமைபோல வீட்டுக்கு வீடு கொண்டுவருவது. காசை யூன் 30க்குள் சங்கக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

---

மாஸ்டர், ரொறன்ரோ எழுதியது:

தம்பி செயலாளர், நான் வரப்போவதில்லை. ஆனால் மகள் குடும்பம் லூட்டனில் இருந்து வருகிறது. ஆகவே கேட்கிறேன்.

கோச்சுக்கு 1,150 என்று கூட்டத்தில் நீர்தான் சொன்னீர். 30 பெரியவர், 19 பிள்ளைகள் என்று வைத்தால் 1,335 சேரும். சாப்பாடு வீட்டுக்கு வீடு. அப்படியானால் மிச்சம் 185 எதற்கு? அதை எழுதவில்லையே.

அத்தோடு சவுத்எண்ட் போன கணக்கு இன்னும் இந்தக் குழுவுக்கு வரவில்லை. 60 பவுண்ஸுக்கு வாங்கிய படங்கு எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை. யாருடைய பின்வளவில் பார்பிக்யூ அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிறது என்று பேஸ்புக்கில் பார்த்தேன்.

---

மடத்தடி அக்கா, பேர்மிங்ஹாம் எழுதியது:

மாஸ்டருக்கு 185. எனக்கு மானம்.

பக்கத்து ஊர்க்காரர் போன வருடம் லாண்டட்னோவுக்கு மூன்று கோச்சில் போனார்கள். கடற்கரை வீதி முழுக்க அவர்களுடைய பதாகைதான். நாங்கள் ஒரே ஒரு கோச். அதுவும் கேட்டால் யாருக்கும் தெரியாத ஊர். லாண்டட்னோவில் கேபிள் கார் இருக்கிறது, 1902இல் இருந்து மலைக்கு ஏறுகிற ட்ராம் இருக்கிறது. பார்மத்தில் கழுதை. கழுதை பார்க்க மன்னாருக்குப் போனால் போதாதா?

இன்னொன்று. வேல்ஸுக்குப் போய் ஸ்கந்தவேல் கோயில் முருகனைக் கும்பிடாமல் திரும்பினால் என் மாமியாருக்கு என்ன சொல்வது? கோச்சைத் திருப்பினால் என்ன?

---

டொல்கெத்லாய் அன்ரி எழுதியது:

நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி. ஆனால் நீங்கள் வரப்போவது என் வீட்டு வாசலுக்கு, அதனால் எழுதுகிறேன். இவருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த காலம் தொட்டு நான் பார்மத் போய் வருகிறேன்.

முதலில் மடத்தடி. ஸ்கந்தவேல் கார்மார்தன் பக்கம். வரைபடத்தில் கிட்டத்தான் தெரியும், ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற ரோட்டு. கோச்சுக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம் பிடிக்கும், பாதிப் பிள்ளைகள் சத்தி எடுக்கும். இலங்கையில் இருந்து வந்த குரு சுப்பிரமணியம் 1973இல் தொடங்கிய இடம் அது. அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கிப் போக வேண்டும். அங்கே சாப்பாட்டுக்குக் காசு கேட்பதில்லை, ஆகவே மாஸ்டரும் வரலாம்.

இனிப் பார்மத். செயலாளர் கழுதையை எழுதினார், பாலத்தை விட்டுவிட்டார். 1867இல் திறந்த மரப்பாலம், 820 மீற்றர் நீளம். ஒரு பக்கம் ரயில், அதே பலகையில் மறுபக்கம் நடைபாதை. மௌதாக் ஆறு கடலில் விழுகிற வாய்க்கு மேலே, நேரே கேடர் இட்ரிஸ் மலையைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். ரயில் வந்தால் காலடியில் பலகை அதிரும், பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. 1980இல் கடற்புழு தூண்களைத் தின்றுவிட்டது என்று கண்டுபிடித்து ரயிலை நிறுத்தினார்கள். பாதையையே மூடிவிடுவார்கள் என்றுதான் அப்போது பேச்சு. மூடவில்லை. மறுபடி 2020க்கும் 2023க்கும் இடையில் 30 மில்லியன் பவுண்ஸ் செலவழித்துப் பழுதுபட்ட மரங்களை மாற்றினார்கள். தாத்தாமார் வள்ளத்துக்கு ஏன் மீனெண்ணெய் பூசினார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் இந்தத் தூண்களைக் காட்டுங்கள்.

துறைமுகத்தடியில் ஒரு சிலை. மூன்று மீனவர் வலை இழுக்கிறார்கள், மூன்று தலைமுறை ஆட்களாம். 1709இல் இந்தக் கரைக்கு வெளியே மூழ்கிய கப்பலில் இத்தாலிச் சலவைக்கல் இருந்தது. கடலடியில் இருந்து எடுத்த அந்தக் கல்லில் ஒன்றைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். கல்லின் ஒரு பக்கத்தைக் கடல் அரித்தபடியே விட்டிருக்கிறார்கள், தொட்டுப் பாருங்கள். கரைவலை இழுத்த யாராவது வந்தால் கால் ஊன்றியிருக்கிற விதம் சரியா பிழையா என்று சொல்லட்டும்.

ஏறக்கூடியவர்கள் டினாஸ் ஒலாய் என்ற மலைச்சரிவுக்கு ஏறுங்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒழுங்கை ஒழுங்கையாகப் பாறையில் வீடுகள். நம்ம ஊர் ஒழுங்கைகளை எடுத்து நிமிர்த்தி மலையில் சாத்தி வைத்த மாதிரி இருக்கும். அதற்கு மேலே நாலரை ஏக்கர் புதர்க்காணி. ஃபானி டால்பட் என்ற அம்மா 1895இல், பழைய இடங்களையும் இயற்கையையும் காக்கிற நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்தது. ட்ரஸ்ட் தொடங்கியதே அந்த வருடம்தான், அதற்குக் கிடைத்த முதல் காணி இது. இன்றைக்கு இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கக் கோட்டையும் கரையுமாக அது வைத்திருக்கிறதெல்லாம் இந்தச் சரிவுக்குப் பிறகு வந்தவை. கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார், கடையில் நின்று தன் பெயரைச் சொல்லிக் கொண்டு திரியவில்லை. நம்மவர் ஒரு கதிரை வாங்கிக் கொடுத்தாலே முதுகில் பெயர் எழுதுவோம்.

அந்தச் சரிவிலேயே ஒரு பிரெஞ்சுக்காரரின் கல்லறை. 1870இல் பாரிஸை முற்றுகை போட்டபோது ஓடி வந்தவர், பெயர் ஒகுஸ்த் கியார். டால்பட் அம்மா ரஸ்கின் என்ற ஆங்கில எழுத்தாளருக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்து, தோட்டம் செய்து, இங்கேயே செத்துப்போனார். நான் ஏறுகிற நாட்களில் அதில் ஒரு பூ வைப்பேன். எனக்கும் அவருக்கும் ஒரு சொந்தமும் இல்லை, அகதி என்பதைத் தவிர.

நேரம் இருந்தால் சின்னப் படகில் மறுகரைக்குப் போங்கள். இறங்குகிற மணல் முனையில் இருந்து பொம்மை ரயில் பெயார்போர்னுக்குப் போகும். கடல்மட்டம் பார்த்துத்தான் படகு ஓடும், ஆகவே வந்தவுடன் நேரத்தைக் கேளுங்கள். பெயார்போர்ன் கடலை மறித்துக் கட்டிய ஊர். மக்டூகல் மாவுக் கம்பனிக்காரர் தொடக்கியது. கடற்கரையில் உலகப் போர்க் காலத்தில் யுத்த டாங்கிகளை மறிக்க வைத்த கற்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. கடல் உயர்கிறதாம், 2054க்கு மேல் அணையைக் காக்க முடியாது என்று கவுன்சில் சொன்னதும் வங்கிகள் வீட்டுக்கடனை நிறுத்தின. அங்கே கடையில் ஒரு கிழவி என்னிடம் குறைப்பட்டார், நாற்பது வருடத்துக்கு முன்னமே போகச் சொல்கிறார்களே என்று. எனக்கு 1990 ஆனி மாதம் ஊரை விட்டு ஓடியது நினைவு வந்தது, எங்களுக்குச் சோற்றுப்பானையை இறக்கவும் நேரம் கிடைக்கவில்லை. அதை அவருக்கு நான் சொல்லவில்லை. அவருடைய வீடு அவருக்குப் பெரிது.

பாலத்தைக் கடந்து பழைய ரயில் தடத்திலேயே நடந்தால் பதினைந்து கிலோமீற்றரில் டொல்கெத்லாய். 1965இல் ரயிலை நிறுத்திய தடம், ஏற்றமே இல்லை. இளசுகள் நடந்து வந்தால் தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு. கடற்கரையில் ரோல்ஸ் சாப்பிடும்போது கவனம், கடற்புறா கையில் இருந்தே பறிக்கும்.

---

சூரிச் தம்பி எழுதியது:

அன்ரியின் மடலை இரண்டு தரம் வாசித்தேன். அந்த அம்மா நாலரை ஏக்கரை எழுதிக் கொடுத்தார். எங்கள் வாசிகசாலைக் காணி நாலு பரப்பு, கால் ஏக்கர்தான். அதற்கு உறுதிப் பத்திரம் எங்கே?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. சித்தி மகள் சித்திரையில் ஊருக்குப் போனாள். ஆமி விட்ட பக்கத்தில் வாசிகசாலை இருந்த இடத்தைத் தேடிப் போனால் காணியைச் சுற்றித் தூண் நாட்டி முள்ளுக்கம்பி அடித்திருக்கிறது, பூட்டும் தொங்குகிறது. யார் அடித்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த நிலையில் கோச், கழுதை, பதாகை! 185ஐயும் சேர்த்து முதலில் ஒரு நொத்தாரிசைப் பிடியுங்கள். காணி யார் குடும்பத்தினுடையது என்று எல்லாருக்கும் தெரியும், நான் பெயர் எழுத வேண்டியதில்லை.

---

ஆலடி மாமா, ஹரோ எழுதியது:

எழுதாவிட்டாலும் விளங்குகிறது.

கம்பி அடித்தது நான். என் காசில். கிழக்கு வளவுக்காரர் அதற்குள் மாடு கட்டி, பிறகு கொட்டிலும் போடத் தொடங்கியபடியால் அடித்தேன். திறப்பு கோயில் ஐயரிடம் இருக்கிறது, கேட்டால் தருவார். அப்பு அந்தக் காணியை ஊருக்கு என்று வாய்ச்சொல்லில் விட்டவர். உறுதி எழுத நொத்தாரிசை இரண்டு தரம் கூட்டியும் வந்தவர். முத்திரைச் செலவை யார் கட்டுவது என்று சங்கம் அடிபட்டு, கூட்டம் கலைந்தது. அன்றைக்குத் தலைவர் யார்? மாஸ்டரைக் கேளுங்கள், கணக்கு அவருக்குத் தெரியும்.

சூரிச் தம்பிக்கு ஒன்று. 87இல் கொழும்பு லொட்ஜில் உங்கள் குடும்பத்தின் வாடகையைக் கட்டியவரை உங்கள் அம்மாவிடம் கேளும். அதற்கும் உறுதி எழுதவில்லை.

பயணத்துக்கு நான் வருகிறேன். மலை ஏற முழங்கால் விடாது. அந்த வலைக்காரச் சிலையடியில் இருப்பேன். கால் பிழையாக ஊன்றியிருந்தால் சொல்கிறேன்.

---

மடத்தடி அக்கா எழுதியது:

சரி, ஸ்கந்தவேலை விட்டேன். ஆனால் பாலத்தில் பதாகை பிடிக்க விடுவார்களா என்று அன்ரி விசாரித்துச் சொல்லவும். கிழக்கு வளவுக்காரர் பற்றி நானும் எழுதுவேன், தனி மடலில்.

---

செயலாளர் எழுதியது:

185இன் விபரம்: கோச் நிறுத்தக் காசு, சாரதிக்குக் கைக்காசு, பிள்ளைகளுக்குப் பொம்மை ரயில். மிஞ்சினால் காணி உறுதிச் செலவுக்கு என்று தனியாக எழுதி வைக்கிறேன், ஆலடி மாமா சம்மதித்தால். சவுத்எண்ட் கணக்கைப் பொருளாளர் ஞாயிறுக்குள் அனுப்புவார். படங்கும் வரும்.

---

மாஸ்டர் எழுதியது:

முத்திரைச் செலவை அன்றைக்குச் சங்கம் கட்டக்கூடாது என்று நான் சொன்னது உண்மை. பெட்டியில் காசு இருக்கவில்லை. அந்தக் கணக்குக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன், ஆலடி பார்க்கட்டும்.

மகள் குடும்பம் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள். நூறு பவுண்ஸ் நாளைக்கு வரும். ரசீது வேண்டும்.