ஆறு பேர் ஆடும் மேசையில் சண்டை இழுத்துக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம்?

மலைக்கோட்டை_டிஎம்:
வணக்கம். திருச்சியில் சனிக்கிழமை மாலைகளில் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, எதிரிகளை நான் ஆடுவேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். கல்லூரி நண்பர்கள் நான்கு பேர், அவர்களில் ஒருவனின் தங்கை, அவளுடைய அலுவலகத் தோழி என ஆறு பேர். எல்லோரும் மூன்றாம் லெவல்.

பேச்சும் பேரமும் அருமையாகப் போகிறது. சண்டை வந்தால்தான் சிக்கல். போன வாரம் பாலத்தில் எட்டு காப்ளின்களோடு (சின்னப் பூதங்கள்) ஒரு மோதல், ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. தன் முறை முடிந்ததும் போனை எடுக்கிறார்கள். மறுபடி முறை வந்ததும் "இப்ப என்ன நடக்குது?" என்கிறார்கள். விஸர்டாக ஆடுபவன் அப்போதுதான் மந்திரப் பட்டியலையே புரட்டத் தொடங்குகிறான். தங்கைக்கு ரோக், அதாவது பதுங்கித் தாக்கும் கேரக்டர். எப்போது கேட்டாலும் "அம்பு விடறேன்", அவ்வளவுதான். யாரையும் வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பழைய_பகடை:
யாரையும் நிறுத்த வேண்டாம் தம்பி. என் மேசையிலும் ஆறு பேர்தான்.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 18 நிமிடம். எட்டு காப்ளினுக்கும் நீங்கள் தனித்தனியாக உருட்டினால் அரை மணி நேரத்தை நெருங்கிவிடும். அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவர் போனை எடுக்கத்தான் செய்வார். அதனால் முதலில் உங்கள் பக்கத்து நேரத்தைக் குறையுங்கள். ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்ற பகடை) உருட்டினால் போதும், விதியே அதுதான். சேதத்துக்குப் பகடையே வேண்டாம். காப்ளினின் கத்திக்கு 5, ஓகர் என்ற அரக்கனின் கதாயுதத்துக்கு 13 என்று சராசரி விதிப் புத்தகத்தில் அச்சாகியே இருக்கிறது, அதையே கழித்துவிடுங்கள். முறையை அறிவிக்கும்போது "இப்போது ஃபைட்டர், அடுத்து விஸர்ட்" என்று இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் ஒரே கையில் உருட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. அந்தக் காப்ளின்கள் ஏன் கடைசி ஆள் வரை நின்றன? 7 உயிர்ப்புள்ளி உள்ள ஜந்து, பக்கத்தில் மூன்று பேர் விழுந்ததும் ஓடத்தான் பார்க்கும். நழுவி ஓடவும் ஒளியவும் விதியிலேயே அதற்குத் தனித் திறமை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் எதிரிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். போன மாதம் ஒரு ஓகருக்கு நான் எழுதியது "பசி, ஆடு வேண்டும்". இரண்டாவது சுற்றில் எங்கள் பார்ட் (பாணன்) வண்டியில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து விட்டார். ஓகர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அடுத்த ஒரு மணி நேரம் ஓடியது. எல்லோரும் பேசினார்கள்.

நிழல்_ரோக்:
தங்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நானும் அமைதியாக ஆடும் ஆள்தான். அவருக்கு அம்பு விடுவது பிடித்துச் செய்கிறாரா, வேறு வழி தெரியாமல் செய்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம்.

தெரியாமல்தான் என்றால் இரண்டே விஷயம் காட்டிக் கொடுங்கள். ரோக்குக்கு இரண்டாம் லெவலிலிருந்தே, ஒரே முறையில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஒளிய முடியும். 20 முகப் பகடையோடு அவர் கூட்டும் தாக்குதல் எண் +5 என்றால் காப்ளினின் கவசம் 15-ஐத் தொட 55 சதவீத வாய்ப்பு. ஒளிந்திருந்து எய்தால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது), அது கிட்டத்தட்ட 80 ஆகிவிடும், கூடவே ஸ்னீக் அட்டாக் 2டி6, அதாவது இரண்டு ஆறு முகப் பகடை கூடுதல் சேதம். இன்னொன்று ரெடி ஆக்‌ஷன். "அந்தக் கதவு திறந்தால் எய்வேன்" என்று சொல்லி வைத்துவிட்டால், மற்றவர்கள் முறையிலும் அவர் கண் மேசையிலேயே இருக்கும். "என்ன செய்யறே?" என்று கேட்காமல் "நீ நிற்கிற தூணிலிருந்து பாலத்தின் அடிப்பக்கம் தெரிகிறது, அங்கே ஒருவன் கயிற்றை அறுக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள்.

மலைக்கோட்டை_டிஎம்:
நன்றி. கயிறு யோசனையை இந்த வாரமே வைக்கிறேன். விஸர்டுக்கு மணற்கடிகாரம் வைக்கலாமா?

பழைய_பகடை:
வேண்டாம். பதறி, தெரிந்த ஒரே மந்திரத்தையே திரும்பத் திரும்பப் போடுவார். அவர் தயார் செய்திருக்கும் மந்திரங்களை மட்டும் மந்திரத்துக்கு ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: எவ்வளவு தூரம், எந்தப் பகடை, எதிரி எதை உருட்ட வேண்டும். மூன்று வரி போதும். எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் மொழிபெயர்த்துப் பகிரவும் தடை இல்லை. எழுதி முடித்ததும் இங்கேயும் போடுங்கள், என் மேசையில் இருக்கும் விஸர்டுக்கும் தேவைப்படுகிறது.