மறுமொழி: கூடைப்பந்து 'ஹேண்ட்-ஆஃப்' – கைமாற்று

பந்தை எறியாமல் அணித்தோழரின் கைக்கே மாற்றுவதுதான் 'ஹேண்ட்-ஆஃப்'. அதற்குத் தமிழில் 'கைமாற்று' என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> 'கையளிப்பு' போதாதா? இலங்கைச் செய்திகளில் தினமும் வரும் சொல்தானே.

நல்ல சொல்தான். ஆனால் காசோலை கையளிப்பதுபோல, வேலை முழுதும் கொடுப்பவருடையது என்று ஆகிவிடுகிறது. ஆட்டத்தில் நடப்பது வேறு. பந்தைத் தட்டிக்கொண்டு வருபவர், தன்னைத் தடுப்பவருக்கு முதுகைக் காட்டி, இரண்டு கால்களையும் ஊன்றி நின்றுவிடுவார். ஒரு கை பந்துக்கு அடியில், மறு கை மேலே. அணித்தோழர் அவர் இடுப்பை உரசுகிற மாதிரி ஓடிவந்து பந்தை எடுத்துக்கொள்வார். அவரைத் துரத்தி வந்த எதிராளி, நின்றவரின் உடம்பில் முட்டி நிற்பார். பந்து கொடுத்தவரே எதிராளியின் வழியை அடைக்கும் மறிப்பும் (ஸ்கிரீன்) ஆகிவிடுகிறார்.

பயிற்சியில் "கொடு, கொடு" என்று கத்தினால் பிள்ளைகள் பந்தை முன்னால் நீட்டுவார்கள், இல்லையென்றால் சின்னதாகத் தூக்கிப் போடுவார்கள். எதிராளி தட்டிப் பறிக்க அது போதும். "நில், அவன் எடுத்துக்கொள்வான்" என்பதுதான் சரியான பாடம். கொடுத்த கையோடு இடுப்பை நகர்த்தி எதிராளியை இடித்தால் ஃபவுல், பந்தும் போச்சு.

> கைமாற்று என்றால் கடன் அல்லவா?

ஆமாம், மாதக் கடைசியில் எல்லோருக்கும் ஞாபகம் வரும் சொல். ஆடுகளத்தில் யாரும் அப்படிக் குழம்பப் போவதில்லை. கொடுப்பவர், எடுப்பவர் இருவரையும் சேர்த்துச் சொல்வதால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

> கொடுப்பதுபோல் ஏய்ப்பதற்குப் 'பாவனைக் கைமாற்று'?

இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. 'பொய்க் கைமாற்று' போதும். இதைப் பார்க்க வேண்டுமானால் டென்வர் நகெட்ஸின் நிக்கோலா யோக்கிச், ஜமால் மர்ரேயோடு ஆடுவதைப் பாருங்கள் (2023இல் என்.பி.ஏ. பட்டம் வென்ற அமெரிக்க அணி). மர்ரேயைத் தடுப்பவர் பின்னாலேயே ஒட்டி வந்தால், மர்ரே பந்தை எடுத்துக் கூடையை நோக்கி வளைந்து ஓடுவார். தடுப்பவர் யோக்கிச்சுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனால், பந்தை எடுத்த மர்ரே நின்ற இடத்திலிருந்தே மூன்று புள்ளிக்கு எறிவார். தடுப்பவர் முந்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தால்தான் பொய்க் கைமாற்று: யோக்கிச் பந்தைத் தராமல் தானே கூடைப்பக்கம் திரும்பிவிடுவார்.

அப்புறம், ஸ்கிரீனுக்கு 'மறைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். இங்கே மறைப்பது கண்ணை இல்லை, வழியை. ஆகவே 'மறிப்பு'க்கே என் வாக்கு. பந்தைத் தட்டிக்கொண்டு போகும் 'டிரிபிள்' (dribble) என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே விடுவோம். அதற்குத் தனி இழை வேண்டும்.