மேட்டுல வண்டி பின்னாடி போய் ஆஃப் ஆகுது, அதுவும் டெஸ்ட் கார்ல மட்டும்! அடுத்த டெஸ்டுக்கு 12 நாள் தான் இருக்கு, ஹெல்ப் ப்ளீஸ்

மேட்டுலநின்னவ:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நொந்து போய் எழுதுறேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கோங்க. முந்தாநேத்து எனக்கு டிரைவிங் டெஸ்ட், ஃபெயில். மொத்தமே அஞ்சு நிமிஷம் தான் ஓட்டிருப்பேன். மேட்டுல நிறுத்த சொன்னாங்க, நிறுத்தினேன், எடுங்கன்னாங்க, பிரேக்ல இருந்து கால எடுத்தேன், அவ்ளோதான், வண்டி சர்ருனு பின்னாடி போகுது, பதறிப் போய் கிளட்ச விட்டேன், தடக்குனு குலுங்கி ஆஃப். திரும்ப ஸ்டார்ட் பண்ணேன், திரும்ப அதே கதை. மூணாவது தடவை பக்கத்துல இருந்தவரே பிரேக்க மிதிச்சிட்டார். போதும்மா இறங்குங்கன்னுட்டார்.

எனக்கு புரியாதது என்னன்னா, வீட்டுக்காரர் கார்ல நான் இதே மாதிரி மேட்டுல எத்தனையோ தடவை நிறுத்தி எடுத்திருக்கேன். பேஸ்மென்ட் பார்க்கிங்ல இருந்து மேல ஏறுற ரேம்ப், நல்ல செங்குத்து, அங்க கூட ஒரு தடவை கூட பின்னாடி போனதில்ல. சத்தியமா. அப்போ டெஸ்ட் கார் தான் பழுதா, இல்ல எனக்கு தான் டென்ஷன்ல எல்லாம் மறந்து போகுதா? இன்னொன்னு, பாதியிலயே இறக்கிவிட்டதால மீதி டெஸ்ட் எப்படி இருக்கும்னே தெரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஓரமாப்போறவன்:

டென்ஷன் தான் அக்கா வேற ஒன்னுமில்ல. நல்லா மூச்சு இழுத்து விட்டுட்டு ஓட்டுங்க, எல்லாம் சரியாயிடும். ஆல் தி பெஸ்ட் 👍

கியர்பாக்ஸ்:

மூச்சு விட்டா வண்டி பின்னாடி போறது நிக்காது ப்ரோ 😄

சிஸ்டர், சில கேள்வி. 1) கிளாஸ் போனீங்களா, அந்த கார்ல மாஸ்டர் பக்கமும் கிளட்ச் பிரேக் இருந்துச்சா? நிறைய பேருக்கு தெரியாம மாஸ்டர் தன் கால வெச்சு சமாளிச்சிடுவார், நாம நாமளே ஓட்டுறதா நெனச்சிட்டு இருப்போம். 2) வீட்டு கார் புதுசா பழசா? 3) வீட்டு கார்ல மேட்டுல பிரேக்க விட்டதும் என்ன ஆகுது, உடனே நகருதா இல்ல ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் அப்படியே நிக்குதா?

மேட்டுலநின்னவ:

கிளாஸ் போனேன் அண்ணா, மாஸ்டர் பக்கம் பெடல் இருந்துச்சு, நீங்க சொல்றத பாத்தா எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. ஆனா கிளாஸ்ல மேடே சரியா எடுக்கல. வீட்டு கார்ல பக்கத்துல யாரும் பெடல் மிதிக்க வாய்ப்பே இல்லையே. கார் வாங்கி ரெண்டு வருஷம் தான் ஆகுது. மூணாவது கேள்விக்கு இப்போ தான் கீழ போய் ரேம்ப்ல பாத்துட்டு வரேன். கிளட்ச் ஃபுல்லா மிதிச்சு ஃபர்ஸ்ட் கியர்ல வெச்சு பிரேக்க விட்டேன். நிக்குது! ஒன்னு, ரெண்டு எண்ணினேன், அப்புறம் தான் பின்னாடி உருளுது. இது என்ன மாயம்?

கியர்பாக்ஸ்:

மாட்டிக்கிச்சு. அது ஹில் ஹோல்ட் அசிஸ்ட். இப்போ வர்ற நிறைய கார்ல இருக்கு. மேட்டுல பிரேக்க விட்டதும் வண்டியே சுமார் ரெண்டு செகண்ட் பிரேக்க புடிச்சு வெச்சிருக்கும், அதுக்குள்ள நீங்க கிளட்ச விட்டு கிளம்பிடுவீங்க. அதனால உருளுதுன்னா என்னன்னே உங்க காலுக்கு தெரியாது. டெஸ்ட் கார்ல அது இருந்திருக்காது. கார் பழுதும் இல்ல, நீங்க மறக்கவும் இல்ல. கத்துக்கவே வாய்ப்பு கிடைக்கல, அவ்ளோதான்.

ஏன் ஆஃப் ஆச்சுன்னும் சொல்லிடுறேன். ஆக்சிலேட்டர் கொடுக்காதப்ப இன்ஜின் சும்மா 800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 800 சுத்து) கிட்ட சுத்திட்டு இருக்கும், அதுக்கு அப்போ தம் கிடையாது. ஏற்கனவே பின்னாடி போயிட்டு இருக்கிற வண்டிய, கிளட்ச டப்புனு விட்டு அது தலைல கட்டினா எப்படி தாங்கும், ஆஃப் ஆகத்தான் செய்யும்.

ஹில் ஹோல்ட் இல்லாத கார் ஒன்ன யார்கிட்டயாவது கேட்டு வாங்குங்க. லைசென்ஸ் உள்ள ஒருத்தர பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க. மேட்டுல நிறுத்தி ஹேண்ட்பிரேக் நல்லா இழுங்க, கிளட்ச் ஃபுல், ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலேட்டர லேசா மிதிச்சு ஆர்பிஎம் மீட்டர் முள்ளு 1500 கிட்ட நிக்கிற மாதிரி வெச்சுக்கோங்க. அப்புறம் கிளட்ச மெதுவா, பேப்பர் கனம் பேப்பர் கனமா மேல விடுங்க. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கம்மியாகி கனமா மாறும், பானெட் லேசா தூக்கும், சீட்டுல உங்களுக்கே தெரியும். அங்க கால ஃப்ரீஸ் பண்ணுங்க. மேலயும் போகாதீங்க கீழயும் போகாதீங்க. இப்போ ஹேண்ட்பிரேக்க இறக்குங்க. வண்டி முன்னாடியும் போகாம பின்னாடியும் போகாம நின்னா ஜெயிச்சிட்டீங்க, இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து கிளட்ச விட்டுட்டே போங்க.

பின்னாடி உருண்டா கிளட்ச விடவே கூடாது. கிளட்ச், பிரேக் ரெண்டையும் மிதிங்க, ஹேண்ட்பிரேக் போடுங்க, முதல்ல இருந்து ஆரம்பிங்க.

பழைய_ஸ்டியரிங்:

ஹேண்ட்பிரேக் எல்லாம் எதுக்குப்பா, கால் பிரேக்க மிதிச்சுக்கிட்டே கிளட்ச பாதி விட்டு, வண்டி புடிச்சதும் கால ஆக்சிலேட்டருக்கு மாத்துனா போதும். நான் முப்பது வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.

கியர்பாக்ஸ்:

ஐயா உங்க கால் முப்பது வருஷ கால். இவங்களுக்கு 12 நாள் தான் டைம். ஹேண்ட்பிரேக்னா ஒரே நேரத்துல ரெண்டு காலயும் மாத்துற வேலை இல்ல, பதட்டத்துலயும் கைகொடுக்கும்.

பழைய_ஸ்டியரிங்:

அதுவும் சரிதான். அப்போ இன்னொன்னு கேட்டுக்கோம்மா, சீட்ட கிட்ட போட்டு உக்காரு. கிளட்ச முழுசா மிதிச்சப்பவும் முட்டி லேசா மடங்கி இருக்கணும். சீட்டு தள்ளி இருந்தா கால் நுனியால எட்டி எட்டி மிதிப்பே, அப்புறம் எங்க நிதானமா விடுறது. செருப்பு கழண்டு போற மாதிரி போட்டுட்டு போகாத, ஷூ போடு, அதுவும் அடி தடிமனா இல்லாத ஷூ.

மூணாவது_தடவை:

நான் ரெண்டு தடவை ஃபெயில் ஆகி மூணாவதுல பாஸ் ஆனவன், அதனால மீதி டெஸ்ட் பத்தி நான் சொல்றேன். இடத்துக்கு இடம் மாறும் அக்கா, சில இடத்துல டிராக்ல பத்து நிமிஷத்துல முடியும், சில இடத்துல ரோட்டுல அரை மணி நேரத்துக்கு மேல ஓட்ட விடுவாங்க. உங்க இடத்து ரூல்ஸ முன்னாடியே ஒரு தடவை படிச்சிடுங்க, முக்கியமா என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்னு. ஒரிஜினல் மறந்துட்டு போய் வாசல்லயே திரும்பி வந்தது நான் தான், ரெண்டு ஃபெயில் போக அது தனி.

உக்காந்ததும் கிளம்பிடாதீங்க. சீட், கண்ணாடி, பெல்ட், அந்த வரிசைல. சீட்ட மாத்துனப்புறம் கண்ணாடிய மாத்தணும், தலைகீழா பண்ணா ரெண்டு வேலை. கண்ணாடி பாக்குறப்ப தலைய கொஞ்சம் திருப்பி பாருங்க, கண்ண மட்டும் ஓட்டினா நீங்க பாத்தது அவருக்கு தெரியாது. நான் முதல் தடவை ஃபெயில் ஆனதே இதுக்கு தான், பாத்தேன் சார்னா நம்பவே இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி தோள்பட்டைக்கு மேல ஒரு தடவை திரும்பி பாருங்க, கண்ணாடில தெரியாத இடம்னு ஒன்னு இருக்கு, பைக்கு சைக்கிள் எல்லாம் அங்க தான் ஒளிஞ்சிருக்கும்.

ரிவர்ஸ்ல வண்டி ஆமை மாதிரி போகணும், கை மட்டும் வேகமா சுத்தணும். எல்லாரும் இத உல்டாவா பண்ணி தான் மாட்டுறாங்க. கோணலா போச்சுனா நிறுத்தி முன்னாடி எடுத்து திருத்தலாமான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க, நிறைய இடத்துல ஒரு தடவை விடுவாங்க. நில்லுனு போர்டு இருந்தா சக்கரம் முழுசா நிக்கணும், ஊர்ந்துட்டே போனா நின்னதா கணக்கு இல்ல. திடீர்னு பிரேக் போட சொன்னா ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, பிரேக்க தயங்காம அழுத்துங்க, கூடவே கிளட்சும். ஏபிஎஸ் (பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிறது) உள்ள கார்ல பெடல் கால்ல டகடகனு அதிரும், பயந்து விட்டுடாதீங்க, அது அப்படித்தான்.

அப்புறம் அந்த அமைதி. எக்ஸாமினர் எதுவும் பேச மாட்டார், நடுநடுவுல ஏதோ எழுதுவார். நாம போச்சு போச்சுனு நெனச்சுக்கிட்டே அடுத்த தப்ப பண்ணுவோம். எழுதுறதெல்லாம் ஃபெயில் இல்ல, சின்ன சின்ன தப்பு கொஞ்சம் இருந்தாலும் விடுவாங்க. ஒரு தடவை ஆஃப் ஆனா கூட பிரேக்க புடிச்சு, நியூட்ரல் போட்டு, சுத்தி பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. அவர் பிரேக்குல கால் வைக்கிற நிலைமை வந்தா தான் கதை முடிஞ்சது. வழி தப்பா திரும்பிட்டா கூட பதட்டத்துல வெட்டி திருப்பாதீங்க, இண்டிகேட்டர் போட்ட பக்கமே போயிடுங்க. டெஸ்ட் வழி கண்டுபிடிக்கிறதுக்கு இல்ல.

மேட்டுலநின்னவ:

அப்டேட். சித்தப்பா கிட்ட பழைய கார் இருக்கு, ஹில் ஹோல்ட் கிடையாது, நாலு நாளா அதுல தான் காலைல போறேன். முதல் நாள் பதினாலு தடவை ஆஃப் பண்ணேன், எண்ணினேன். சித்தப்பா வாயவே தொறக்கல, கதவு கைப்பிடிய மட்டும் புடிச்சிட்டு இருந்தார். ரெண்டாவது நாள் கியர்பாக்ஸ் அண்ணா சொன்ன அந்த சத்தம் மாறுறது முதல் தடவையா காதுல கேட்டுச்சு. இத்தன நாள் நான் கால பாத்துட்டு இருந்தேன், கேக்கவே இல்ல. இதுல கிளட்ச் ரொம்ப மேல வந்து தான் புடிக்குது, எங்க கார்ல தரைல இருந்து கொஞ்சம் தூக்கினாலே புடிக்கும். சீட்டும் நான் ஒரு சாண் தள்ளி போட்டு தான் உக்காந்திருக்கேன்னு இப்போ தான் புரியுது. ஒரு சந்தேகம், டெஸ்ட் கார்ல எந்த இடத்துல புடிக்கும்னு எப்படி தெரியும்?

கியர்பாக்ஸ்:

தேய்ஞ்ச கிளட்ச் பொதுவா மேல தான் புடிக்கும். டெஸ்ட் கார்ல ஏறினதும் சமதரைல ஹேண்ட்பிரேக் போட்டு ஃபர்ஸ்ட்ல ஒரே ஒரு தடவை மெதுவா விட்டு பாருங்க, சத்தம் மாறினதும் திரும்ப மிதிச்சிடுங்க. கேட்டுட்டு செய்ங்க, அஞ்சு செகண்ட் வேலை.

மேட்டுலநின்னவ:

பாஸ்ஸ்ஸ்!! 😭 வெளிய வந்ததும் முதல்ல இங்க தான் எழுதுறேன். கிளட்ச் ஒரு தடவை பாத்துக்கவான்னு கேட்டேன், தலைய மட்டும் ஆட்டினார். அதே மேடு. கை நடுங்குச்சு, ஆனா சத்தம் மாறுச்சு, கால நிறுத்தினேன், ஹேண்ட்பிரேக்க இறக்கினேன், ஒரு இன்ச் கூட உருளல. ரிவர்ஸ்ல கோணலா போய் ஒரு தடவை திருத்தினேன், உடனே ஏதோ எழுதினார், அவ்ளோதான்னு நெனச்சேன், அப்புறம் தம்பி சொன்னது ஞாபகம் வந்து மீதிய ஓட்டினேன். திரும்பினப்புறம் இண்டிகேட்டர அணைக்காம ரொம்ப தூரம் போனீங்கன்னு சொன்னார், அது உண்மை, எனக்கு அந்த டிக் டிக் சத்தமே கேக்கல. எல்லாருக்கும் கோடி நன்றி.

பழைய_ஸ்டியரிங்:

நல்லதும்மா. சித்தப்பாவுக்கும் ஒரு நன்றி சொல்லிடு, பாவம் மனுஷன்.

புதுசா_வந்தவன்:

இத படிச்சதும் பயமா இருக்கு, நான் பேசாம ஆட்டோமேட்டிக் கார்லயே டெஸ்ட் கொடுத்துடவா?

கியர்பாக்ஸ்:

கொடுக்கலாம் தம்பி, ஆனா நிறைய நாட்டுல ஆட்டோமேட்டிக்ல பாஸ் பண்ணா கியர் வண்டி ஓட்ட லைசென்ஸ் செல்லாது. உங்க இடத்துல எப்படின்னு பாத்துட்டு புக் பண்ணுங்க.