மறு: 'கிண்டிலிங்' தமிழில் என்ன? தீமூட்டலா, கனற்றலா?

குழுவினருக்கு வணக்கம். வலிப்பு பற்றிய நம் கட்டுரையில் வரும் 'கிண்டிலிங்' (kindling) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். நேர்ப்பொருள் அடுப்பை மூட்டுவது, ஆய்வில் மூளைக்குச் சிறு மின்தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அதை வலிப்புக்கு ஆளாக்குவது.

'தீமூட்டல்' வைத்தால் கட்டுரையில் 'தீமூட்டப்பட்ட எலிகள்' என்று வரும். ஆய்வகத்தில் எலியைக் கொளுத்திவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். தீயை விட்டுவிட்டு வெறும் 'மூட்டல்' என்றாலோ முழங்கால் ஞாபகம் வருகிறது.

குடியாத்தம் அண்ணன் 'பற்றவைப்பு' என்றதில் வியப்பில்லை, தீப்பெட்டி ஊர்க்காரர். ஆனால் குச்சி ஒரே உரசலில் பற்றிக்கொள்ளும். கிண்டிலிங்கை முதலில் விவரித்த ஆய்வாளர் கிரஹாம் காடர்ட் கண்டது வேறு. எலி எப்படிக் கற்கிறது என்று பார்க்கத்தான் அதன் மூளையில் அமிக்டலா என்ற பகுதியில் மின்கம்பி வைத்தார். சிறிய மின்னோட்டம்தான், முதல் நாள் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே அளவை நாள்தோறும் கொடுக்கக் கொடுக்க முகம் துடித்தது, பிறகு முன்னங்கால், கடைசியில் உடம்பு முழுக்க வலிப்பு. மின்சாரம் கூடவில்லை, மூளைதான் மாறியிருந்தது. வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்துவிட்டுத் தொட்டாலும் வலிப்பு வந்தது. 1967-இல் முதலில் எழுதினார், 1969-இல் விரிவாக. (அவர் படித்தது மாண்ட்ரியலில். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் நாட்டின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்றதும் அங்கேதான்.)

எங்கள் ஆயா மழைநாளில் ஈர வேலிக்காத்தான் விறகோடு ஊதாங்குழலைப் பிடித்து உட்காரும். ஊதினால் புகை. மறுபடி ஊதினால் கண்ணில் தண்ணீர், விறகின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு. ஒவ்வொரு ஊதலும் ஒரே அளவுதான். எத்தனையாவதோ ஊதலில் குப்பென்று பிடிக்கும். கிண்டிலிங் இதுதான். அந்தச் சிவப்புக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கனல். எனவே என் பரிந்துரை 'கனற்றல்'. ஆளான எலி 'கனன்ற எலி'.

இதில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதியும் கிடைக்கிறது. கனற்றல் பிறவினை, ஆய்வாளர் கையால் செய்வது. கனலுதல் தன்வினை. 'வலிப்பே வலிப்பைப் பெற்றெடுக்கிறது' என்ற கருத்து 1881-இல் ஆங்கில நரம்பு மருத்துவர் கவர்ஸ் எழுதிய காலத்திலிருந்தே உண்டு. ஆனால் எலியை ஆய்வாளர் கனற்றினார், மனித மூளை தானாகவே கனலுகிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டு சொல் இருந்தால் நிரூபித்ததையும் ஊகத்தையும் குழப்ப வேண்டியதில்லை.

கனன்ற எலியால் பயன் என்ன என்று கேட்டவருக்கு: இன்று மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மருந்து, நலமான எலிகளுக்கு அதிர்ச்சி கொடுத்துப் பார்க்கும் வழக்கமான சோதனைகளில் தோற்றது, கனன்ற எலிகளில்தான் வலிப்பைத் தடுத்தது.

'கனன்ற மூளை நோயாளி' என்ற தொடரை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வேலூர்ப் பகுதியில் கணக்கெடுத்து 2006-இல் வெளியான ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளைக்குள் தங்கிய நாடாப்புழு இளம்பருவம். அவர்களிடம் போய் மூளை கனலுகிறது என்பதா? பேருந்து நிலையத்தில் ஒருவர் விழுந்தால் சாவிக்கொத்தைத் தேடுகிற ஊர் இது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில் 'ஃபிட்ஸ்' போதும், கலைச்சொல் கட்டுரைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். மெய்ப்பில் ஒரு 'ன' விழுந்தால் கனற்றல் 'கற்றல்' ஆகிவிடும். காடர்ட் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் தேடிப் போனதே அதைத்தான்.