பேன் மருந்து போட்டு ஒரு வாரத்தில் மறுபடியும் குட்டிப் பேன்: மருந்து வேலை செய்யலையா?

தோட்டத்துக்கிளி:
வீட்டுல அஞ்சு பேர். பள்ளிக்கூடம் போற ரெண்டு பொண்ணுங்களுக்கும் தலை நிறையப் பேன். பெரியவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி, சின்னவளுக்குத் தோள் வரைக்கும். பெர்மெத்ரின் 1% லோஷன் ஒரு பாட்டில் வாங்கி ரெண்டு பேருக்கும் போட்டேன். பெரிய பேனெல்லாம் செத்து விழுந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா எள்ளை விடச் சின்னதா ஊர்ந்துட்டு இருக்கு, ஈரும் அப்படியே ஒட்டிட்டு இருக்கு. இதைவிட வீரியமான மருந்து வாங்கணுமா? நான் ஆறு மாசம் கர்ப்பம், எனக்கும் ரெண்டு பேன் கிடைச்சுது. பையனுக்கு ஒன்றரை வயசு. வீட்டுக்காரருக்கு ஒட்ட வெட்டின முடி, அரிப்பே இல்லைங்கறார். அவரும் போட்டுக்கணுமா? மெத்தை, சோஃபாவை எல்லாம் என்ன பண்றது?

மருந்துச்சீட்டு:
வணக்கம். குட்டிப் பேன் மட்டும் இருக்கிறதென்றால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை. பெர்மெத்ரின் ஊரும் பேனைக் கொல்லும். ஈரை முழுவதுமாகக் கொல்லாது. நீங்கள் மருந்து போட்ட அன்று முடியில் இருந்த ஈர்கள்தான் இப்போது பொரிந்திருக்கின்றன.

கணக்கு இதுதான். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் வரை ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் ஒன்பது நாளாவது வேண்டும். ஆகவே முதல் தடவை போட்டதிலிருந்து 9ஆம் நாள் இரண்டாம் தடவை போட வேண்டும். அதற்குள் பெரும்பாலான ஈர்கள் பொரிந்திருக்கும். ஆனால் எந்தக் குஞ்சும் முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்காது. அவசரப்பட்டு மூன்றாம் நாளே போட்டால் ஈர் பத்திரமாக இருக்கும். மூன்று வாரம் கழித்துப் போட்டால் புது ஈர் வைத்திருக்கும். மருந்தின் வீரியத்தை விட நாள் கணக்குதான் இங்கே முக்கியம்.

ஒரு பாட்டிலை இரண்டு தலைக்குப் பங்கு போட்டதும் சரியில்லை. தோளுக்குக் கீழே இறங்கும் முடிக்கு ஒருவருக்கே இரண்டாவது பாட்டில் தேவைப்படலாம். முதலில் கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் நன்றாகத் துவட்டுங்கள். சொட்டச் சொட்ட ஈரமிருந்தால் மருந்து நீர்த்துப்போகும்; கண்டிஷனர் இருந்தால் முடியில் பிடிக்காது. பிடரி, காதின் பின்புறம் என்று தொடங்கி வேர் வரை நனையத் தேயுங்கள். சரியாக 10 நிமிடம் வைத்து, குனிய வைத்துத் தலையை மட்டும் அலசுங்கள், மருந்து உடம்பில் வழியக் கூடாது. வெந்நீர் வேண்டாம். அடுத்த இரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். ஒன்றிரண்டு பேன் தள்ளாடி நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது. பெரிய பேன்களே முன்போலச் சுறுசுறுப்பாக ஓடினால், அது அந்த மருந்துக்குப் பழகிப்போன பேன். அப்போது அதே மருந்தை மூன்றாம் முறை போடாமல் வகையை மாற்ற வேண்டும். டைமெத்திகோன் 4% ஒரு நல்ல மாற்று. இது நஞ்சு அல்ல, பேனை மூடி அடைத்துக் கொல்லும் சிலிக்கோன். அதனால் பெர்மெத்ரினுக்குப் பழகிய பேனும் தப்பாது. உலர்ந்த முடியில் தடவி, பாட்டிலில் குறிப்பிட்ட நேரம் (சிலவற்றில் 8 மணி நேரம்) விட்டு அலச வேண்டும், 7 நாள் கழித்து மறுபடியும். இது தீப்பிடிக்கும். தலையில் இருக்கும்போது அடுப்பு, விளக்குச் சுடர், சிகரெட் பக்கம் போகவே கூடாது.

கடையில் பெர்மெத்ரின் 5% க்ரீமை எடுத்துக்கொடுத்தால் வாங்காதீர்கள். அது சொறிசிரங்குக்கு.

பெர்மெத்ரின் 1% இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் போடலாம், பையனுக்குப் பேன் இருந்தால் மட்டும். உங்களுக்கு முதல் வழி சீப்புதான். லோஷன் தேவைப்பட்டால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். ஐவர்மெக்டின் மாத்திரையை நீங்களாக விழுங்கவே கூடாது. அது 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கிடையாது.

காத்தாடி77:
எதுக்குங்க இவ்வளவு? மண்ணெண்ணெய் தேச்சு துணியைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டா ஒரே நாள்ல எல்லாம் காலி.

மருந்துச்சீட்டு:
@காத்தாடி77 தயவுசெய்து இதை எங்கும் சொல்லாதீர்கள். மண்ணெண்ணெய் தலைத்தோலைப் புண்ணாக்கும், ஆவி நுரையீரலைக் கெடுக்கும், ஒரு பொறி பட்டால் குழந்தையின் தலை எரியும். வீட்டுப் பூச்சிக்கு அடிக்கும் மருந்தும், நாய்க்குப் போடும் உண்ணி மருந்தும் இதே கணக்குதான்.

ஈருருவி:
மருந்து பத்திச் சொல்லிட்டாங்க, நான் சீப்பு பத்தி மட்டும் சொல்றேன். பாதிப் பேர் கோட்டை விடறது இங்கதான்.

உலோகப் பல் வெச்ச பேன் சீப்பா வாங்குங்க. பல்லுக்குப் பல் இடைவெளி 0.2 – 0.3 மில்லிமீட்டர் இருக்கணும். பிளாஸ்டிக் சீப்புல பல் வளைஞ்சு விரியும், அந்தச் சந்துல குஞ்சு நழுவிடும். காய்ஞ்ச தலைல சீவாதீங்க. முடியைக் கலைச்ச உடனே பேன் விலகி ஓடிடும். தண்ணியும் கண்டிஷனரும் பட்டா அசையாம முடியைப் பிடிச்சுட்டு நிக்கும்.

தலையை நனைச்சு, வேர்ல இருந்து நுனி வரைக்கும் வழவழன்னு ஆகற அளவுக்குக் கண்டிஷனர் போடுங்க. முதல்ல அகலப் பல் சீப்பால சிக்கு எடுங்க. சிக்கோட பேன் சீப்பை இழுத்தா குழந்தை அழும், நீங்களும் பாதியில விட்டுடுவீங்க. தலையை நாலு பாகமாப் பிரிச்சு க்ளிப் போடுங்க. சீப்பை விட அகலம் கம்மியா ஒரு கற்றையை எடுத்து, பல் தலைத்தோலைத் தொடற மாதிரி லேசாச் சாய்ச்சு வெச்சு, நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. பாதியில தூக்காதீங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் தாள்ல துடைச்சுப் பாருங்க: கண்டிஷனர் நடுவுல பழுப்பா, எள்ளுக்குக் கால் முளைச்ச மாதிரி தெரிஞ்சா அது பேன். அதே கற்றையை அடிப்பக்கத்துல இருந்தும் ஒரு தடவை இழுங்க. இடுப்பு வரைக்கும் முடின்னா ஒரு மணி நேரமாவது ஆகும், முதல்லயே தெரிஞ்சுட்டு உக்காருங்க.

மருந்தே போடாம சீப்பு மட்டும்னா 1, 5, 9, 13 – இந்த நாலு நாளும் சீவணும், 17ஆம் நாள் சரிபார்க்கணும். நடுவுல ஒரு நாளை விட்டா பொரிஞ்ச குஞ்சு வளர்ந்து ஈர் வெச்சுடும், மறுபடியும் ஒண்ணுல இருந்து.

ஒட்டிட்டு இருக்கற ஈரைப் பார்த்துப் பதறாதீங்க. முடி மாசத்துக்குச் சுமாரா 1 செ.மீ. வளருது, பேன் ஈர் வெக்கறது வேரை ஒட்டி 6 மி.மீ.க்குள்ள. அதனால வேர்ல இருந்து 1 செ.மீ. தாண்டி வெள்ளையா இருக்கறது அனேகமா காலிக் கூடு. வேரை ஒட்டிப் பழுப்பா இருக்கறதைத்தான் நகத்தால உருவணும். வரலைன்னா அந்த ஒத்தை முடியை மட்டும் வெட்டிடுங்க. பொடுகா ஈரான்னு சந்தேகமா? விரலால தள்ளுங்க. பொடுகு நகரும், ஈர் நகராது.

தோட்டத்துக்கிளி:
ரொம்ப நன்றிங்க. ஒரு குழப்பம்: மருந்துக்குக் கண்டிஷனர் ஆகாதுன்னு அவர் சொல்றார், சீவறதுக்குப் போடச் சொல்றீங்க நீங்க?

ஈருருவி:
மருந்து போடற அன்னைக்கும் அதுக்கப்புறம் ரெண்டு நாளும் கண்டிஷனர் வேண்டாம். மூணாம் நாள்ல இருந்து தாராளமா. ரெண்டாவது தடவை மருந்துக்கு முன்னாடி ஷாம்பூவால கண்டிஷனரைச் சுத்தமா எடுத்துடுங்க.

பழைய திண்ணை:
வீட்டுக்காரரையும் மெத்தையையும் யாரும் தொடவில்லையே.

அரிப்பு இல்லை என்பது கணக்கில் வராது. பேனின் எச்சிலுக்கு உடம்பு ஒவ்வாமை காட்டினால்தான் அரிக்கும். முதன்முறை பேன் பிடித்தவருக்கு அதற்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம். எனவே ஐந்து பேர் தலையையும் ஒரே நாளில் ஈரச் சீப்பால் பாருங்கள். உயிருள்ள பேன் கிடைத்த எல்லோருக்கும் அன்றைக்கே சிகிச்சை. ஒருவரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தத் தலையிலிருந்து மற்ற தலைகளுக்குத் திரும்பும். பேன் இல்லாதவருக்கு மருந்து வேண்டாம். ஒரே படுக்கையில் படுப்பவர் மட்டும் விதிவிலக்கு, அவரும் போட்டுக்கொள்வது நல்லது.

மெத்தையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேன் குதிக்காது, பறக்காது; தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். தலையை விட்டு விழுந்தால் ரத்தமில்லாமல் ஓரிரு நாளில் சாகும். ஈருக்கும் தலையின் சூடு இல்லாமல் பொரிய வழியில்லை. சிகிச்சைக்கு முந்தைய இரண்டு நாளில் தலை பட்ட தலையணை உறை, துண்டு, தொப்பியை மட்டும் 54 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவைத்தால் போதும். துவைக்க முடியாத பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வையுங்கள். சீப்புகளை அதே சூட்டு நீரில் 10 நிமிடம் ஊறப்போடுங்கள். சோஃபாவில் பூச்சி ஸ்ப்ரே அடிப்பது வீண்; ஒன்றரை வயதுப் பிள்ளையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் ஆபத்தும்கூட.

எல்லாம் முடிந்த பிறகும் ஓரிரு வாரம் அரிக்கலாம். அதை வைத்து மருந்து போடாதீர்கள். சீப்பில் உயிருள்ள பேன் வந்தால் மட்டும் போடுங்கள். பிடரியில் மஞ்சள் பக்கு, சீழ், காதுக்குப் பின்னால் நெறி கட்டுதல், கண் இமையில் ஈர் – இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்களோடு விளையாடும் பிள்ளைகளின் வீட்டிலும் சங்கடப்படாமல் இன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் தலையில் இருந்தால் உங்கள் 9ஆம் நாள் கணக்கெல்லாம் வீண்தான்.