பழைய ஹாலிவுட் ஸ்லாப்ஸ்டிக் குட்டிப்படங்கள்: எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை, எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நிலாமுற்றம் (கேள்வி):

ஒரு வாரமாக 1914-ல் வந்த, கீஸ்டோன் நிறுவனத்தின் ஸ்லாப்ஸ்டிக் (அடி, உதை, விழுதல் என்று சிரிக்க வைக்கும்) படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்ளின் சினிமாவுக்கு வந்த வருடம் என்பதால் அங்கிருந்தே வரிசையாகப் போகலாம் என்று நினைத்தேன். பத்துப் பன்னிரண்டு படங்கள் முடித்தாயிற்று, ஓரிரு இடங்களைத் தவிர எங்கேயும் சிரிப்பு வரவில்லை. எல்லாரும் எதற்கோ ஓடுகிறார்கள், ஒருவர் இன்னொருவரை உதைக்கிறார், செங்கல் பறக்கிறது, கடைசியில் யாராவது குளத்தில் விழுகிறார்கள். யாருக்கு யார் மேல் எதனால் கோபம் என்று பிடிபடுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. எல்லாமே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுவதுபோல் இருக்கிறது, அது என் கணினியின் கோளாறா, படமே அப்படித்தானா என்றும் தெரியவில்லை.

இந்தப் படங்களை உயிராக நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்ப்பது எதுவோ என் கண்ணில் படவில்லை. அது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். விட்டுவிட மனமில்லை. முழுநீளப் படங்கள் வேண்டாம், குட்டிப்படங்களிலேயே எதை முதலில் பார்ப்பது, எதைக் கவனிப்பது என்று சொல்லுங்கள்.

இரண்டுரீல் (பதில்):

தொடங்கிய இடம்தான் சிக்கல், உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. 1912-ல் மேக் செனட் தொடங்கிய கீஸ்டோன் ஒரு தொழிற்சாலை மாதிரி ஓடியது. வாரத்துக்கு ஒரு படத்துக்குக் குறையாமல் வெளியே போயாக வேண்டும். எங்காவது பூங்கா இருக்கிறதா, ஊர்வலம் நடக்கிறதா, கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுற்றியிருக்கும் கூட்டத்தையே பின்னணியாக வைத்து எடுத்துவிட்டு வருவார்கள். சாப்ளின் அந்த ஒரே வருடத்தில் சுமார் 35 படங்களில் நடித்தார், வாரம் 150 டாலர் சம்பளம். அந்த வேகத்தில் யோசிக்க எங்கே நேரம்?

அப்புறம் 1916-ல் மியூச்சுவல் நிறுவனம் அவருக்கு வாரம் 10,000 டாலரும் அதற்கு மேல் 1,50,000 டாலர் முன்பணமும் கொடுத்தது. எல்லாரும் இந்தச் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பணத்தோடு அவருக்குக் கிடைத்த நேரம். மொத்தம் 12 படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு ரீல் (ஒரு ரீல் என்பது ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் ஃபிலிம் சுருள்). மாதம் ஒன்று என்று ஒப்பந்தம், எடுத்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அவற்றில் ‘தி இமிகிரன்ட்’ (1917) படத்தை இன்றைக்கே பாருங்கள். கப்பலில் வந்து இறங்கும் ஏழைகளின் கதையாக நமக்குத் தெரிகிற படம், எடுக்கத் தொடங்கியபோது கப்பலே கிடையாது. உணவகக் காட்சியை முதலில் எடுத்தார். எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்து, பணியாளராக நடித்தவரை மாற்றி அந்த இடத்தில் எரிக் கேம்ப்பெல் என்ற மலை மாதிரி ஆளைப் போட்டு, அதன் பிறகுதான் இந்தப் பையனும் பெண்ணும் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று யோசித்துக் கப்பல் காட்சிகளைச் சேர்த்தார். கழித்துப்போட்ட ஃபிலிம் சுருள்கள் பிழைத்துக் கிடந்ததால்தான் இதெல்லாம் தெரியவந்தது.

அந்த உணவகத்தில் நடப்பது இவ்வளவுதான்: சாப்பிட்டாயிற்று, கொடுக்கக் காசு இல்லை, பத்து சென்ட் குறைந்ததற்காக இன்னொரு ஆளைப் பணியாளர்கள் கூட்டமாக அடிப்பதைக் கண் முன்னால் பார்த்தாயிற்று. பையில் இருந்த நாணயம் ஓட்டை வழியாக விழுந்துவிட்டது. இனி ஒவ்வொரு அசைவும் உயிர்ப்பிரச்சினை. நீங்கள் பார்த்த கீஸ்டோன் படங்களில் இல்லாதது இதுதான். அங்கே அடி விழும், முடிந்தது. இங்கே அடி விழப்போகிறது என்று நமக்குத் தெரியும், எப்போது என்று தெரியாது.

அடுத்தது பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920). புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு வீடு பெட்டிபெட்டியாக வருகிறது, எண்களின்படி அடுக்கினால் போதும். பொறாமை பிடித்த ஒருவன் எண்களை மாற்றிவிடுகிறான். எழும்பி நிற்கும் அந்தக் கோணல் வீட்டை ஒரு தரம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள், தச்சர்கள் உண்மையாகவே கட்டிய வீடு அது. புயலில் சுழல்வதும் உண்மையான சுழற்சி, அடியில் சுழல்மேடை வைத்திருந்தார்கள். கீட்டனைப் பார்க்கும்போது கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். தலை முதல் கால் வரை, சுற்றியுள்ள இடம், வரப்போகும் ஆபத்து, எல்லாம் ஒரே சட்டகத்துக்குள். வெட்டி ஒட்டி ஏமாற்றவில்லை என்பது நம் கண்ணுக்கே தெரியும், சிரிப்போடு ஒரு ‘ஐயோ’வும் சேர்ந்து வருவது அதனால்தான். ‘காப்ஸ்’ (1922) படத்தில் ஓடும் காரை ஒரு கையால் பிடிக்கிறார், அடுத்த நொடி உடம்பு கொடி மாதிரி கிடைமட்டமாகப் பறக்கிறது. எத்தனை முறை பார்த்திருப்பேனோ, இன்னும் மூச்சு நிற்கிறது.

ஒளிக்கீற்று (பதில்):

வேகத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். கணினியில் கோளாறில்லை. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு எட்டு ஃபிரேம் (ஃபிலிமில் பதியும் தனித்தனிப் படம்), நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 ஃபிரேம், ஆனால் இது கறாரான கணக்கில்லை, ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். பேசும்படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்று நிலையானது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் நீங்கள் சொன்ன அதே ஒன்றரை மடங்கு. பல பழைய பிரதிகள் இப்படி ஓட்டியே வீடியோவாக மாற்றப்பட்டவை.

ஆனால் இதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. துரத்தல் காட்சி வந்தால் வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சுற்றுவார்கள், திரையில் ஓட்டம் வேகமாகத் தெரியும். அது அவர்களே திட்டமிட்ட வேகம், அதைச் சரிசெய்கிறேன் என்று குறைத்தால் காட்சி செத்துவிடும். எது பிரதியின் பிழை, எது இயக்குநரின் முடிவு என்று கண்டுபிடிக்க நான் பின்னணியைப் பார்ப்பேன். சும்மா தெருவில் நடந்து போகிறவர், புகைபோக்கிப் புகை, காற்றில் ஆடும் மரக்கிளை. இவையெல்லாம் எந்நேரமும் பதறிக்கொண்டே இருந்தால் பிரதி சரியில்லை, வேறு பிரதி தேடுங்கள். சாப்ளினின் கீஸ்டோன் படங்களையே பல ஆவணக் காப்பகங்களில் கிடந்த பிரதிகளைச் சேர்த்துச் சீரமைத்து 2010-ல் வெளியிட்டார்கள். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். நகலுக்கு நகல் எடுத்து முகமே வெளுத்துப்போன பிரதியில் நடிப்பை எங்கே தேடுவது? சாப்ளினின் புருவம் தெரியவில்லை என்றால் பாதிப் படம் போய்விட்டது.

பின்னணி இசையையும் சந்தேகப்படுங்கள். திரையரங்கில் ஒருவர் உட்கார்ந்து படத்தைப் பார்த்தபடியே வாசித்தார், இணையப் பிரதிகள் பலவற்றில் ஏதோ ஒரு பியானோவை மொத்தமாக ஒட்டியிருப்பார்கள், காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அப்படிப்பட்டதைச் சத்தமில்லாமல் பார்ப்பது எவ்வளவோ மேல்.

மெதுநடை (பதில்):

அடுத்தது கீட்டன் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டம் பிடிக்கவில்லை என்கிறவருக்கு மறுபடியும் ஓட்டமா? லாரல், ஹார்டி என்ற நகைச்சுவை ஜோடியிடம் போங்கள். ‘பிக் பிசினஸ்’ (1929), இரண்டே ரீல். கலிபோர்னியா வெயிலில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். ஜேம்ஸ் ஃபின்லேசன் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார், மரத்தின் கிளை கதவில் மாட்டிக்கொள்கிறது. மணியை அடித்துக் கதவைத் திறக்க வைக்க வேண்டும். திறக்கிறார், சாத்துகிறார், இப்போது வேறு ஏதோ மாட்டுகிறது. இந்தச் சின்ன விஷயம் வளர்ந்து கடைசியில் இவர்கள் அவர் வீட்டையும் அவர் இவர்கள் காரையும் தூள்தூளாக்குகிறார்கள்.

இதில் முக்கியம் முறை வைத்துச் செய்வது. ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் பார்த்துவிட்டு, அந்த நஷ்டத்தை மனதுக்குள் எடைபோட்டு, பிறகு தன் முறைக்குப் போகிறார். கீஸ்டோனில் அடிபட்டவன் நொடியில் எழுந்து திருப்பி அடிப்பான். இங்கே அடிபட்டவன் யோசிக்கிறான், நாம் அந்த யோசனையைப் பார்க்கிறோம். லியோ மெக்கேரி ஹால் ரோச் நிறுவனத்தில் இந்தப் படங்களின் பொறுப்பில் இருந்தபோது வேகத்தைக் குறைத்ததுதான் அந்தக் காலத்தின் மிகப் பெரிய மாற்றம் என்பது என் உறுதியான எண்ணம்.

1927-ல் வந்த ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’யில் ‘பை’ (pie) என்ற பலகாரத்தை ஒருவர் மேல் ஒருவர் எறியும் சண்டையும் இதே முறைதான், மொத்தத் தெருவே சேர்ந்துகொள்ளும். அதன் இரண்டாவது ரீல் முழுதாகக் கிடைக்காமல் எத்தனையோ வருடம் துண்டுகளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், 2015-ல் ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தது. கண்டுபிடித்த செய்தி வந்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

கண்ணாடிவளை (பதில்):

எல்லாரும் கீஸ்டோனை ஒதுக்கித் தள்ளுவதால் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், மேபல் நார்மண்ட். சாப்ளின் அங்கே வந்து சேர்ந்தபோது இவர் ஏற்கெனவே நட்சத்திரம், தன் படங்களில் சிலவற்றைத் தானே இயக்கிக்கொண்டும் இருந்தார். ‘மேபல் அட் தி வீல்’ எடுக்கும்போது ஒரு பெண் சொல்லித் தான் கேட்பதா என்று சாப்ளின் முரண்டுபிடித்ததைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்’ படத்தில் சுற்றிலும் எல்லாரும் கையை வீசிக்கொண்டிருக்க இவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்பார். நல்ல பிரதியில் அதை மட்டுமாவது திரும்பப் பாருங்கள். நாடோடி வேடத்தில் சாப்ளின் கேமரா முன் முதலில் நின்றதும் அந்தப் படத்துக்காகத்தான், வெளிவந்ததில் மட்டும் ‘கிட் ஆட்டோ ரேசஸ்’ இரண்டு நாள் முந்திக்கொண்டது.

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் நன்றி. ‘இமிகிரன்ட்’, ‘ஒன் வீக்’ இரண்டையும் நேற்றிரவு பார்த்தேன். ‘ஒன் வீக்’கில் வீடு தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு ரயில் வரும் இடம்: தம்பதி கண்ணை மூடிக்கொள்கிறார்கள், ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது, அப்பாடா என்று நான் மூச்சு விடுகிறேன், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூளாக்குகிறது. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்த நிம்மதியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் அடுத்த ரயிலை அனுப்பினார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது.

‘தி பிளேஹவுஸ்’ (1921) படமும் தானாக ஓடியது. அதில் கீட்டன் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு ஒரே காட்சியில் பல ஆட்களாக வருவதைப் பார்த்து மனம் சுருங்கிவிட்டது. அதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

இரண்டுரீல்:

சுருங்கத்தான் வேண்டும். கறுப்பின மக்களைக் கேலி செய்து அமெரிக்க மேடைகளில் பல பத்தாண்டுகள் நடந்த ஆட்டம் அது, கீட்டன் சிறுவயதிலிருந்து வளர்ந்ததும் அதே மேடைகளில். இந்தக் காலகட்டத்துக் குட்டிப்படங்களில் இது அடிக்கடி வரும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. நான் அந்த இடங்களில் சிரிப்பதில்லை, வெட்டிவிட்டுக் காட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை, இருந்ததை இருந்ததாகத்தான் பார்க்க வேண்டும்.

அதே காட்சியில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக இருக்கிறார்களே, அது எடுக்கப்பட்ட விதம் தெரிந்தால் மலைத்துப்போவீர்கள். எல்ஜின் லெஸ்லி என்ற ஒளிப்பதிவாளர், லென்ஸின் முன்னால் சட்டகத்தைப் பட்டைபட்டையாக மறைக்கும் ஒரு பெட்டியை வைத்து, ஒரு பட்டையை மட்டும் திறந்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி அடுத்த பட்டையைத் திறந்து எடுத்து, இப்படி ஒன்பது முறை. ஒளிக்கீற்று சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள், கையால் சுற்றும் கேமரா. ஒன்பது முறையும் ஒரே வேகம், ஒரு முறை கை தடுமாறினால் மொத்தமும் குப்பை.

அடுத்து ஹரால்ட் லாய்டின் ‘நெவர் வீக்கன்’ (1921), மூன்று ரீல். 1919-ல் புகைப்படம் எடுக்கும்போது பொம்மை வெடிகுண்டு என்று நினைத்தது கையிலேயே வெடித்து வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர், கையுறையால் அதை மறைத்துக்கொண்டு இரும்புத் தூண்களில் தொங்குகிறார்.

மெதுநடை:

அதற்கு முன்னால் ‘பிக் பிசினஸ்’. இரண்டாவது முறை பார்க்கும்போது உடைக்கிறவர்களை விட்டுவிட்டு, ஓரமாகக் காரை நிறுத்திக் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளும் போலீஸ்காரரின் முகத்தை மட்டும் பாருங்கள்.